தெரிந்த கோடு

நகை வாங்கியவர்கள் எல்லோருக்கும் சேதாரம் என்ற சொல் தெரியும். பில்லில் அது ஒரு சதவீதக் கணக்கு. பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது கண்ணெதிரே நடக்கும் காரியம். அரம் போடும்போது மடித்தோலில் விழும் தூள், மூசையின் வாயில் ஒட்டிக்கொள்ளும் பிசிறு, மெருகுத் துணியில் ஏறுவது, கை கழுவிய தண்ணீரோடு இறங்குவது. சேதாரம் எங்கும் போய்விடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் நம் ஊர்களில் அரிப்புக்காரர்கள் என்று ஒரு கூட்டமே பிழைத்தது. ஆசாரிமார் தெருச் சாக்கடை மண்ணை வாரி, தட்டில் போட்டு அலசி அலசி, கடைசியில் அடியில் தங்கும் கறுப்பு மணலில் ஒரு மினுக்கலைத் தேடுவார்கள்.

மண்ணில் கிடக்கும் பொன்னை அலசி எடுக்கலாம். திராவகத்தில் கரைந்துவிட்ட பொன்னை என்ன செய்வது? அது இருக்கிறதா இல்லையா என்பதையே எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியில் நான் ஒருமுறை தவறு செய்துவிட்டேன். முப்பது வருஷம் ஆகப் போகிறது. இன்னும் மனதை விட்டு அகலவில்லை.

கார்வேட்டிநகரத்தில் அப்போது நான் ரசாயன வாத்தியார். சித்தூர் மாவட்டத்தில், புத்தூருக்கும் பள்ளிப்பட்டுக்கும் பஸ் ஏறுகிற தூரத்தில், மலைகளும் மாந்தோப்புகளும் சூழ்ந்த ஊர். காடு வெட்டி நகரமாக்கியதால் காடுவெட்டிநகரம், அதுவே மருவிக் கார்வேட்டிநகரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜமீன் இருந்த ஊர். வேணுகோபாலசுவாமி கோயில் இன்று திருமலை தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. அந்த வேணுகோபாலன் மேல் பதம் பாடிய சாரங்கபாணியை சங்கீதக்காரர்களும் நாட்டியக்காரர்களும் அறிவார்கள். 1953 வரை இது சென்னை மாகாணம், பிறகு ஆந்திரம். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கமே நின்றோம். கடைத்தெருவில் தெலுங்கு, அடுப்படியில் தமிழ் என்று இரண்டும் ஓடும் வீடுகள் அங்கே நிறைய.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆசாரி இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். அவருடைய அப்பா காலத்தில்தான் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 1963 ஜனவரியில், 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று விதி போட்டார்கள். 22 காரட்டைத் தவிர வேறு எதையும் பொன் என்றே நினைக்காத ஊர்களில் உலை அணைந்தது. நாடெங்கும் பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 1968-ல் அது சட்டமாகவே ஆகி, 1990-ல்தான் முழுக்க விலகியது. அந்த நடுக்காலத்தில் வளர்ந்தவர் அண்ணா. ஒரு குந்துமணி எடைக்கு என்ன மதிப்பு என்பதைப் பசியில் கற்றவர்.

அவர் வருஷத்துக்கு இரண்டு முறை பட்டறைக் கழிவைச் சேர்த்துச் சுத்தம் செய்வார். காந்தத்தால் இரும்புத் தூளை எடுப்பார். மிச்சத்தை எரித்துச் சாம்பலாக்கி, ராஜ திராவகத்தில் போடுவார். உப்புத் திராவகம் மூன்று பங்கு, வெடியுப்புத் திராவகம் ஒரு பங்கு. தனித்தனியாக இருந்தால் பொன்னை ஒன்றும் செய்ய முடியாத இரண்டு திராவகங்கள், சேர்ந்தால் கரைத்துவிடும். வெடியுப்புத் திராவகம் பொன்னிலிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கிறது, பறித்த உடனே உப்புத் திராவகத்தில் இருக்கும் குளோரைடு வந்து கட்டிக்கொள்கிறது, திரும்பிப் போக வழியில்லை. பொன் மஞ்சள் தண்ணீராகிறது. கூடச் செம்பு இருந்தால் பச்சை. அதன்பின் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றினால் பொன் மட்டும் பழுப்பு வண்டலாக அடியில் இறங்கும். காபிப் பொடி மண்டி போல இருக்கும் அதைப் பார்த்து யாரும் தங்கம் என்று சொல்லமாட்டார்கள். கழுவி, வெண்காரம் போட்டு உருக்கினால்தான் நிறம் காட்டும்.

இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனதாரச் சொல்கிறேன். அந்தத் திராவகத்திலிருந்து எழும் பழுப்புப் புகையை இழுத்தவனுக்கு அப்போதைக்குக் கொஞ்சம் இருமல்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தபின், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அண்ணா கொல்லைப்புறத்தில், காற்று போகிற திசை பார்த்து, எட்ட நின்று செய்தார். அப்படியும் அவருக்குக் கடைசிக் காலம் வரை மூச்சுத் திணறல் இருந்தது.

ஒரு நாள் மாலை ஒரு கண்ணாடிச் சீசாவோடு வந்தார். உள்ளே பச்சைத் தண்ணீர். அன்னபேதி போட்டாகிவிட்டது, பழுப்பும் இறங்கிவிட்டது, ஆனால் உருக்கி எடை போட்டால் அவர் கணக்குக்குக் குறைகிறது.

"தண்ணியில இன்னும் மிச்சம் நிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க சார். நீங்க பாத்தா தெரியுமே."

தெரியும்தான். திராவகத்தில் பொன் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டேனஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பு போதும். வடிதாளில் ஒரு சொட்டுத் திராவகம், அதன்மேல் ஒரு சொட்டு ஸ்டேனஸ். பொன் இருந்தால் ஊதா, நிறைய இருந்தால் கறுப்பென்று சொல்லும் அளவுக்கு அடர்ந்த ஊதா. பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே காட்டிக்கொடுத்துவிடும். 1685-ல் ஆந்திரேயாஸ் காசியஸ் என்பவர் இந்த நிறத்தைப் பற்றித் தம் நூலில் எழுதியதால் காசியஸ் ஊதா என்று பெயர். கிளாபர் என்ற ரசவாதி அதற்கு முன்பே கண்டிருந்தார் என்பார்கள். ஐரோப்பாவில் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் இந்த ஊதாவை ஏற்றினார்கள். அது என்ன பொருள் என்றுதான் இருநூறு வருஷம் யாருக்கும் விளங்கவில்லை. அது தனிச் சேர்மம் இல்லை, மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய பொன்துகள்கள் வெள்ளீய ஆக்சைடில் சிக்கி நிற்கிற காட்சி என்று 1898-ல் காட்டியவர் ஜிக்மாண்டி. 1925-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது. பொன் அந்த அளவுக்குப் பொடியானால் மஞ்சளாக இருப்பதில்லை. சிவப்பாக, ஊதாவாகத் தெரியும். இதையெல்லாம் நான் வகுப்பில் உற்சாகமாகச் சொல்கிறவன்.

மறுநாள் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூட அலமாரியில் ஸ்டேனஸ் குளோரைடு சீசா இருந்தது. நான் அந்தப் பள்ளியில் சேர்வதற்கு முன்பே கரைத்து வைத்தது. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருந்தது. குலுக்கினேன். ஒரு சொட்டு விட்டேன். தாளில் பச்சைக் கறை பச்சையாகவே இருந்தது. இன்னொரு முறை செய்தேன், அப்படியேதான்.

"இல்லண்ணா, தண்ணியில ஒண்ணும் இல்ல" என்றேன்.

வாத்தியார் சொன்னதற்கு மறுபேச்சு ஏது? வீட்டுக்குப் போய், கொல்லைக் குழியில் சுண்ணாம்பைக் கொட்டி, அதன்மேல் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டார். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் சாயங்காலம் மறுபடி வந்தார். வலது கையை நீட்டினார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறை. சீசாவைச் சாய்க்கும்போது வழிந்திருக்கிறது.

"சோப்பு போட்டேன், புளி போட்டேன், சாம்பல் போட்டேன், போவல சார். வெள்ளித் திராவகம் பட்டா கறுக்கும், அது எனக்குத் தெரியும். இது வேற நிறமா இருக்குதே?"

ஊதா. விரல் ரேகையின் ஒவ்வொரு மடிப்பிலும் கோடு கோடாக, கத்தரிப்பூ நிறத்தில். பொன் கரைந்த தண்ணீர் தோலில் பட்டால், தோலே அதைப் பொடிப்பொன்னாகத் திருப்பிவிடும். சில மணி நேரத்தில் கறை தெரியும், தோல் உரிகிற வரை போகாது. ஆய்வுக்கூடத்துச் சீசா இல்லை என்று சொன்ன அதே தண்ணீரை, அந்த மனிதரின் விரல் சோதித்து, இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது, எல்லாம் நான் படித்ததுதான். ஸ்டேனஸ் கரைசல் காற்று பட்டுக் கெடும். ஆக்சிஜன் அதை ஸ்டேனிக்காக மாற்றிவிட்டால் பொன்னை இறக்கும் சக்தி அதற்கு இல்லை. அடியில் படிந்திருந்த வெள்ளை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. போதாததற்கு, சீசாத் தண்ணீரில் வெடியுப்புத் திராவகம் மிஞ்சியிருந்திருக்கிறது. அது மிஞ்சினால் அன்னபேதி போட்டும் பொன் முழுக்க இறங்காது, இறங்கியதும் மறுபடி கரையும். நல்ல ஸ்டேனஸாக இருந்திருந்தாலும் ஊதா ஒரு கணம் மின்னி மறைந்திருக்கும். முதலில் அந்த மிச்சத்தைக் காய்ச்சியோ யூரியா போட்டோ தீர்த்திருக்க வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. அலமாரியைத் திறந்தேன், சீசாவை எடுத்தேன், தீர்ப்புச் சொன்னேன்.

மறுநாள் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் ஒரு துண்டு வெள்ளீயம் வாங்கினேன். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதே உலோகம்தான். இளஞ்சூட்டு உப்புத் திராவகத்தில் அதைக் கரைத்தால் புது ஸ்டேனஸ். பாட்டிலுக்குள் ஒரு துண்டு ஈயத்தையும் போட்டே வைத்தால் சீக்கிரம் கெடாது. அண்ணாவின் காலி சீசாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்த அலசலை ஒரு சொட்டு தாளில் வைத்து, புதுக் கரைசலை விட்டேன். சுற்றிலும் பரவுவதற்கு முன்பே, நடுவில் ஊதாப் பூ விரிந்தது.

எவ்வளவு போயிருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கீழே. சவரன் நாலாயிரத்தை ஒட்டி விற்ற காலம், அவருக்கு அது பல நாள் கூலி. குழி மண்ணை எடுத்துப் பார்த்தோம். மழை எல்லாவற்றையும் கலைத்திருந்தது. பணம் கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். கோபிக்கவும் இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்பவர் போல ஒரு கேள்விதான் கேட்டார்.

"தெரிஞ்ச கோடு ஒண்ணு போட்டுப் பாக்கலியா சார்?"

எனக்குப் புரியவில்லை. உள்ளே போய் உரைகல்லை எடுத்துவந்து காட்டினார். பழைய நகையை அவர் கல்லில் உரைக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் பார்த்து மாற்றுச் சொல்வதே இல்லை. பக்கத்தில், மாற்று நிச்சயமாகத் தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரே துளி திராவகம். தெரிந்த கோடு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தபிறகுதான் தெரியாத கோட்டுக்குக் கண்ணைத் திருப்புவார். தெரிந்த கோடே சரியாக நிற்கவில்லை என்றால், திராவகம் கெட்டிருக்கிறது, அல்லது கல்லில் எண்ணெய், அல்லது வெளிச்சம் போதவில்லை. அன்றைக்குக் கல்லை மூடி வைத்துவிட வேண்டியதுதான்.

"என் அப்பா அம்பது வருஷம் உரைச்சாரு. தெரிஞ்ச கோடு போடாம தெரியாத கோட்டப் பாத்ததே இல்ல சார்" என்றார்.

ஆயிரம் வருஷத்துப் பழக்கம் அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்தார்கள், தண்டவாணி என்ற தரத்தோடு ஒப்பிட்டு மாற்று எத்தனை குறைவு என்று எழுதினார்கள். அரசனே கொடுத்தாலும் பொன் தனியாக நின்று தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாது, பக்கத்தில் தெரிந்த ஒன்று வேண்டும். நான் படித்த அறிவியலும் அதையேதான் சொல்கிறது. கொரோனாக் காலத்தில் வீட்டிலேயே பார்த்த சோதனைப் பட்டையில் சி என்ற எழுத்துக்கு எதிரே ஒரு கோடு வரும், நினைவிருக்கிறதா? நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டை உயிரோடு இருக்கிறதா என்பதற்கான கோடு அது. அது வராவிட்டால், நோய் இல்லை என்று அர்த்தமில்லை, சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம்.

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருப்பது 'இல்லை' என்ற சொல்லைத்தான். இருக்கிறது என்று சொல்ல ஒரு சொட்டு ஊதா போதும். கெட்ட கரைசல் சும்மா ஊதா காட்டிவிடாது. இல்லை என்பதற்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பொருள் உண்மையிலேயே இல்லாவிட்டாலும் தாள் வெறுமையாக இருக்கும், சோதிக்கிறவன் செத்துக் கிடந்தாலும் தாள் வெறுமையாகவே இருக்கும். இரண்டு வெறுமையும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒன்று பொருளைப் பற்றிய செய்தி, மற்றது என்னைப் பற்றிய செய்தி. எது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த கோடு தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்தின் மறுகோடியில் குப்பத்துக்குப் பக்கம் சிகரகுண்டா, பிசானத்தம் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. எல்லை தாண்டினால் கோலார். வடாற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய குழிகள். 2001 பிப்ரவரி 28-ல் கோலார் மூடப்பட்டது. அரைத்த கல்லைச் சயனைடில் ஊறவைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிய மண்மேடுகள் 13 இன்னும் அங்கே நிற்கின்றன, சுமார் 3.3 கோடி டன். காற்றடித்தால் அந்தத் தூசிதான் ஊர்மேல் பறக்கிறது. இனி இதில் இல்லை என்று கொட்டிய மண்ணில் இப்போது பொன் எடுக்கலாம் என்று 2024-ல் கர்நாடக அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அன்று இல்லை என்றது பொய்யல்ல. அன்றைய விலைக்கும் அன்றைய முறைக்கும் இல்லை. இல்லை என்று எழுதும்போது எந்தக் கருவியால், எந்த அளவுக்கு என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால், அந்தத் தூசியில் வாழ்ந்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது யாருக்காவது நினைவில் வந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

இதைவிட எனக்குக் கனமானது ஒன்று உண்டு. அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். எல்லையோரக் கிராமம், வீட்டில் தமிழ் மட்டும். வகுப்பு தெலுங்கில் நடக்கும். பரீட்சைத் தாளை வெறுமையாகவே கொடுப்பான். நான் முட்டை போட்டேன். அவன் அப்பாவைக் கூப்பிட்டு, இவன் தலையில் ஒன்றும் இல்லை, ஏதாவது வேலையில் சேர்த்துவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். ஊதாப் பூ விரிந்த அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அண்ணா இல்லை, அந்த வெள்ளைத் தாள்தான்.

மறுநாள் அவனைத் தனியாக உட்காரவைத்துத் தமிழில் கேட்டேன். புளி போட்டுத் தேய்த்தால் பித்தளைச் சொம்பு ஏன் பளபளக்கிறது?

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான். "புளில இருக்கற புளிப்பு அந்தக் கறைய மொதல்ல தின்னுடுது சார். பித்தளையத் தின்ன அதுக்கு நேரம் ஆவும். அதுக்குள்ள கழுவிடணும். ராத்திரி பூரா போட்டு வெச்சா சொம்பே போயிடும்."

உலோக ஆக்சைடு அமிலத்தில் உடனே கரைவதும் உலோகம் மெதுவாகக் கரைவதும் நான் இரண்டு பாடவேளை எடுத்து நடத்தியது. அவனுக்கு அம்மாவின் கை அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. அவனிடம் இல்லை என்று நான் எழுதினேன், ஆனால் இல்லாமல் இருந்தது என் சீசாவில். தெலுங்கைக் குறை சொல்லவில்லை, அது எனக்கும் சோறு போட்ட மொழி. திருத்தணிப் பக்கம் தெலுங்கு பேசுகிற பிள்ளை தமிழ்த் தாளுக்கு முன் இதே போல வெறுமையாக உட்கார்ந்திருந்திருக்கும். அதற்கப்புறம் எந்தப் பிள்ளைக்கும் முட்டை போடுவதற்கு முன், அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை அவன் பேச்சில் கேட்டுப் பார்ப்பேன். அதற்கும் வாய் திறக்காவிட்டால் தப்பு கேள்வியில், அல்லது என் முகத்தில், அல்லது அவன் காலையில் சாப்பிடவில்லை. அவன் அப்பாவிடம் போய் என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் அதற்குள் அவனைப் புத்தூரில் ஒரு கடையில் பேசி வைத்திருந்தார். அவரைச் சம்மதிக்கவைக்க மூன்று நடை நடக்க வேண்டியிருந்தது.

அண்ணாவின் விரல் கறை பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. ரேகைகளில் மங்கி, ஓரமாக உரிந்து போயிற்று.

இப்போது அவர் இல்லை. மகன்தான் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். ஹால்மார்க் வந்தபின் மாற்றுப் பார்ப்பதை மையங்களில் இயந்திரம் செய்கிறது. கழிவு மட்டும் பழைய கழிவுதான். போன மாதம் போயிருந்தபோது கொல்லையில் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் மாஸ்க், கையில் ரப்பர் உறை. வாளித் தண்ணீரில் செம்புத் தகடு தொங்கவிட்டிருந்தது, தப்பிய பொன் இருந்தால் அதில் படியட்டும் என்று. இங்கே தரையில் போவது கிருஷ்ணாபுரம் அணை வழியாகக் கொசஸ்தலைக்கும் பூண்டிக்கும் போய், சென்னையில் யாரோ குடிக்கிற தண்ணீரில் சேரும் என்று நான் எப்போதோ சொன்னதை நினைவு வைத்து, செம்பையும் இரும்பு போட்டு இறக்கிவிட்டுச் சுண்ணாம்பு கலந்த பிறகுதான் எதையும் அகற்றுகிறான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ஜன்னல் திண்டில் கட்டைவிரல் அளவு ஒரு சிறு சீசா, உள்ளே எலுமிச்சை நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். அரைக் குந்துமணிப் பொன்னை அவன் அப்பா கரைத்து வைத்தது, அன்று முதல் செலவானபோதெல்லாம் புதுப்பித்து வருவது. வெள்ளை ஓடு ஒன்றைக் கழுவி வைத்தான். இடது பக்கம் சிறு சீசாவிலிருந்து ஒரு சொட்டு. வலது பக்கம் வாளியிலிருந்து ஒரு சொட்டு. கண்ணாடிக் கோலால் ஸ்டேனஸை முதலில் இடது சொட்டில் தொட்டான்.

கறுப்பாக ஊதா எழும்பியது.

கோலைத் துடைத்து, வலது சொட்டைத் தொட்டான். குனிந்து பார்த்தான். என்னையும் பார்க்கச் சொன்னான். இருவரும் வெயிலில் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அப்படியே தெளிவாக இருந்தது.

"இல்ல சார்" என்றான், வாளியைத் தூக்கிக்கொண்டு.